ஊற்றும் கையும் ஊதச்சொல்லும் கையும்

விடியற்காலை மணி நான்கு. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலே மல்லிகை மூட்டைகள் அவிழ்கின்றன. கூடையைத் தலையிலே ஏற்றிக்கொண்டு ஓர் அம்மையார் உசிலம்பட்டிப் பேருந்தைத் தேடி ஓடுகிறார். கட்டட வேலைக்குப் போகும் கொத்தனார் இருவர், தேர்வு எழுதப் புறப்பட்ட மாணவன் ஒருவன், மருத்துவமனையிலே இரவெல்லாம் விழித்திருந்து ஊர் திரும்பும் கிழவர் ஒருவர் என்று ஒவ்வொருவராக ஏறி அமர்கின்றனர். ஏறியவர்களிலே எவராவது ஓட்டுநரின் முகத்தை ஏறிட்டுப் பார்த்ததுண்டா? பார்ப்பதில்லை. சன்னலோர இருக்கை கிடைக்குமா என்பதே அவர்கள் கவலை. தமது உயிரை ஒரு மனிதனின் இரண்டு கைகளிலும் ஒரு காலிலும் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும் பொறுப்பு யாருடையது என்பதுதான் இந்த வாரம் நான் எடுத்துக்கொண்ட வழக்கு.

நாடகம் எழுதிப் பழகியவன் நான். ஆகவே, தோழா, முதலில் ஒரு காட்சி, கற்பனைக் காட்சிதான்.

இடம், ஒரு பணிமனை. மேசைமேல் உள்ளங்கை அளவுக் கருவி ஒன்று. எதிரே ஓட்டுநர், சீருடை சலவைக்குப் போய் வந்தது, நெற்றியிலே நீறு, நடையிலே தள்ளாட்டம் இல்லை.

“ஊதுங்கள் அண்ணே.”

ஊதுகிறார். கருவி கூவுகிறது. மேற்பார்வையாளர் முகம் சுளிக்கிறது.

“என்ன அண்ணே இது? விடியுமுன்னேயா?”

“தாய்மேல் ஆணை ஐயா! இன்றைக்கு ஒரு சொட்டுத் தொட்டிருந்தால் என் கை அழுகிப் போகட்டும். நேற்று இரவு, மச்சான் வீட்டு விசேடம். பத்தரை மணிக்கு முடித்துப் படுத்தவன்தான்.”

திரையை இங்கே நிறுத்துகிறேன். அந்த மனிதர் பொய் சொல்லுகிறாரா? இல்லை. கருவி பொய் சொல்லுகிறதா? அதுவும் இல்லை. இருவரும் உண்மையே பேச, இடையிலே அறுபது உயிர்கள் நிற்கின்றன!

கணக்கைப் பார்ப்போம். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டு மேடையேறியவன் நான். ஆனாலும் இந்தக் கணக்குக்குப் பட்டம் தேவையில்லை. குடித்த சாராயச் சத்து இரத்தத்திலே கலக்கிறது. ஈரல் அதை மெல்ல மெல்ல எரித்து வெளியேற்றுகிறது. ஆளுக்கு ஆள் சற்று மாறினும், பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு, 100 மில்லி இரத்தத்துக்குச் சுமார் 15 மில்லிகிராம் குறையும். அதற்குமேல் அவசரப்படாது. எலுமிச்சைச் சாறு, கட்டங்காப்பி, தலையிலே ஊற்றிய குளிர்ந்த தண்ணீர் இவை எவையும் ஈரலைத் துரத்த மாட்டா. இரவு 11 மணிக்கு 130 மில்லிகிராம் இருந்த ஒருவருக்கு, 4 மணிக்கு ஐந்து மணி நேரக் கழிவு 75 போக, 55 மிஞ்சும். சட்டம் பொறுத்துக்கொள்வது 30. காலை 5.40 வாக்கிலேதான் அவர் அந்தக் கோட்டைத் தொடுவார். வண்டி நான்கரைக்குப் புறப்பட்டாகவேண்டும்! உறங்கி எழுந்தவுடன் குடி உடலைவிட்டுப் போய்விட்டது என்று நம்புகிறவர்கள் நம் நாட்டிலே இலட்சோப இலட்சம். அந்த நம்பிக்கையை ஓட்டுநரிடமிருந்து நீக்குவதற்கு எந்த நிறுவனமாவது ஒரு மாலைப்பொழுது வகுப்பு நடத்தியிருக்குமானால், காட்சியிலே வந்த அண்ணன் மச்சான் வீட்டிலே கோப்பையைத் தள்ளி வைத்திருப்பார். அல்லது, “ஐயா, நாளைக்கு எனக்கு இரண்டாவது முறை கொடுங்கள்” என்று முன்னதாகவே கேட்டிருப்பார்.

ஊதிப்பார்க்கும் இந்தக் கருவியை 1954இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலே ராபர்ட் போர்கென்ஸ்டீன் என்பவர் உருவாக்கினார். நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் மூச்சிலே இருக்கும் சாராயச் சத்துக்கும், இரத்தத்திலே இருப்பதற்கும் ஏறக்குறைய ஒன்றுக்கு 2,100 என்ற விகிதம் உண்டு. அதை வைத்து, ஊசி குத்தாமலே இரத்தத்தின் நிலையைச் சொல்லிவிடுகிறது கருவி. அருமையான படைப்பு! ஆனால், தோழா, அருமையான படைப்பும் அக்கறையற்றவன் கையிலே அநீதியின் ஆயுதமாகிவிடும். வாய்கொப்பளிக்கும் மருந்திலே சாராயம் உண்டு. இருமல் மருந்துகள் சிலவற்றிலும் உண்டு. அவை வாயிலே தங்கியிருக்கும்போது ஊதினால் கருவி ஏமாறும். அதனால்தான், முதல் முறை கூவினால், ஒன்றும் உண்ணாமல் பருகாமல் கால் மணி நேரம் உட்கார வைத்து, மறுமுறை ஊதச்சொல்வது உலக வழக்கம். கருவியைக் குறித்த காலத்திலே அளவுச் சோதனைக்கு உட்படுத்தவேண்டும். ஊதுகுழல் ஆளுக்கொன்று புதிதாக இருக்கவேண்டும். அச்சிட்ட சீட்டு வரவேண்டும். அதன் படியொன்று ஊதியவர் கையிலே இருக்கவேண்டும். இவற்றிலே ஒன்று குறைந்தாலும், பிடிக்காத தொழிலாளியைப் பழிவாங்க அந்தக் கருவி போதும். தொழிற்சங்கத் தோழர்கள் சிலர் சோதனையையே எதிர்க்கிறார்களே, அவர்கள் அச்சத்துக்குக் காரணம் இதுதான். நான் அந்த அச்சத்தை மதிக்கிறேன். ஆனால் எதிர்ப்பை ஏற்கவில்லை. அரைகுறைச் சோதனைக்கு மாற்று முறையான சோதனைதானே! சோதனையே கூடாது என்பது எப்படி மாற்றாகும்?

வாடை வீசியது, கண் சிவந்திருந்தது, நடை தடுமாறியது என்பவற்றை மட்டும் கொண்டு ஒருவர் குடிபோதையில் இருந்தார் என்று முடிவு கட்டிவிட முடியாது என்று உச்சநீதிமன்றம் 1971லேயே, பச்சுபாய் ஹசனல்லி கார்யானி வழக்கிலே சொல்லிவிட்டது. இரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டாமா என்பது அந்தத் தீர்ப்பின் உட்கருத்து. மேற்பார்வையாளரின் மூக்கு தொழிலாளியின் வாழ்வைத் தீர்மானிக்கக்கூடாது என்று நாமும் சொல்கிறோம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு, 100 மில்லி இரத்தத்திலே 30 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் குற்றம் என்கிறது. 2019இல் திருத்தினார்கள், முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும், மறுமுறைக்கு இரண்டு ஆண்டு வரை, 15,000 ரூபாய். பிடிபட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்டவேண்டும், தவறினால் விட்டுவிடவேண்டும் என்று 202ஆம் பிரிவிலே பாதுகாப்பும் வைத்திருக்கிறார்கள். குறை சொல்வதற்கில்லை. ஆனால் இந்தச் சட்டத்தின் கண் எங்கே பார்க்கிறது என்று கவனியுங்கள். சாலையிலே நிற்கும் காவலரையும், சக்கரத்தைப் பிடித்த ஓட்டுநரையும் பார்க்கிறது. வண்டியின் உடைமையாளரைப் பார்க்கவில்லை! “நீ உன் ஓட்டுநரைச் சோதித்தாயா? ஏட்டிலே எழுதினாயா? அவருக்கு உறங்க நேரம் தந்தாயா?” என்று கேட்கும் தெளிவான வரி அந்தப் பிரிவிலே இல்லை.

மறைந்துகிடக்கும் வரி ஒன்று உண்டு. 188ஆம் பிரிவு. 185ஆம் பிரிவுக் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது. குடித்திருக்கிறான் என்று தெரிந்தும், “மெல்ல ஓட்டிக்கொண்டு போடா, முன்பதிவு செய்த ஆட்கள் காத்திருக்கிறார்கள்” என்று சாவியை நீட்டும் முதலாளி உடந்தை அல்லாமல் வேறு யார்? அந்தப் பிரிவைக் கையிலே எடுத்து எத்தனை முதலாளிகளைக் கூண்டிலே ஏற்றினார்கள் என்று கேட்டுப்பாருங்கள். கேட்கப்பட்டவர் பேச்சை மாற்றுவார்.

மதுரைக்குப் பேருந்து வரலாறு புதிதல்ல. 1911இல் டி.வி.சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய நிறுவனம் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்தது. அந்த வண்டி வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள் என்று பெரியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம். 1972இல் பேருந்துகள் நாட்டுடைமை ஆனபோது பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. 1997இல் அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மதுரைக் கோட்டமாயிற்று. அரசு வண்டியிலே, குறை இருந்தாலும், ஒரு பணிமனை உண்டு, ஒரு வருகை ஏடு உண்டு, கேட்பதற்கு ஒரு சங்கம் உண்டு. இரவு பத்து மணிக்கு மாட்டுத்தாவணிப் பக்கமிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் கிளம்பும் ஆம்னி வண்டிகளுக்கு? கப்பலூர்ச் சுங்கச் சாவடியிலே வரிசையாக நிற்கும் சரக்குந்துகளுக்கு? பள்ளிப் பிள்ளைகளை நெல்லிக்காய் மூட்டைபோல அடைத்துக்கொண்டு போகும் வேன்களுக்கு? சபரிமலைக் காலத்திலே ஒரே ஓட்டுநரோடு மூன்று நாள் ஓடும் வாடகை வண்டிகளுக்கு? அங்கே ஏடும் இல்லை, ஊதுகுழலும் இல்லை. கடவுள் படம் ஒன்றுதான் கண்ணாடிக்குமேலே தொங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, பேரையூர்ப் பக்கம் ஒரு பொதுக்கூட்டம் முடிந்து நள்ளிரவிலே வாடகை வேனில் திரும்பினேன். நாடகக்குழுத் தோழர்கள் பதினொருவர் உடன் இருந்தனர். புறப்பட்டுக் கொஞ்ச தூரத்திலேயே எனக்கு வாடை தெரிந்தது. என்ன செய்தேன்? மேடையிலே இரண்டு மணி நேரம் வீரம் பேசிவிட்டு இறங்கியவன், ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை பேச வாயெடுக்கவில்லை. “பாவம், நமக்காகக் காத்துக் கிடந்தவர், கூட்டத்திலே நம் ஆட்களே வாங்கிக் கொடுத்திருப்பார்கள்” என்று எண்ணிக்கொண்டேன். திருமங்கலத்துக்கு முன்னே வண்டி சாலையைவிட்டு இறங்கி, வேலிக்கருவேல மரத்தடியிலே நின்றது. எவருக்கும் காயமில்லை. ஆனால் அந்த இரவிலே பதினொருவரின் தாய்மார்களுக்கு நான் பதில் சொல்லவேண்டியவனாக இருந்தேன். வாங்கிக் கொடுத்தவர்கள் நம் ஆட்கள். வாய்மூடி இருந்தவன் நான். வழக்கு வந்திருந்தால் கூண்டிலே ஏறியிருப்பவர் அந்த ஓட்டுநர் ஒருவர் மட்டுமே! கூட்டத்துக்கு வண்டி பிடிக்கும் நம் கிளைச் செயலாளர்கள் இதைப் படித்துவிட்டுக் கோபப்படட்டும். கோபம் தணிந்தபின், வண்டிக்காரருக்கு உணவும் பாயும் கொடுத்துப் புட்டியைக் கொடுக்காமல் இருக்கட்டும்.

விமானத்தைப் பாருங்கள். மதுரைக்கு வரும் விமானத்தின் விமானி, புறப்பாட்டுக்கு முன்னே 12 மணி நேரம் மதுவைத் தொடக்கூடாது. அன்றைய பணியின் முதல் புறப்பாட்டுக்குமுன் ஊதவேண்டும். அவருக்கு 30 என்ற சலுகை கிடையாது, சுழியம்தான் கணக்கு. முதல் முறை தவறினால் மூன்று மாதம் உரிமம் முடக்கம், இரண்டாம் முறை மூன்று ஆண்டு, மூன்றாம் முறை உரிமமே போய்விடும். தொடர்வண்டி ஓட்டுநரும் பணியேற்கும்போது ஊதிவிட்டுத்தான் எஞ்சினில் ஏறுகிறார். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 172ஆம் பிரிவு அவருக்கு ஓராண்டுச் சிறை வரை எச்சரிக்கிறது. விண்ணிலே பறப்பவனின் உயிருக்கு ஒரு விலை, இருப்புப் பாதையிலே போகிறவனுக்கு ஒரு விலை, தார்ச்சாலையிலே போகும் ஏழைக்கு மட்டும் விலையே இல்லையா? தன்னந்தனியே இருசக்கர வண்டியிலே போகிறவருக்கும், அறுபது பேரைச் சுமந்து ஆண்டிப்பட்டிக் கணவாயைக் கடக்கிறவருக்கும் ஒரே 30 என்று வைத்திருக்கிறதே நம் சட்டம், இதிலே என்ன நியாயம்? அமெரிக்காவிலே பெரும்பாலான மாநிலங்களில் சாதாரண ஓட்டுநருக்கு 80 என்றால், பேருந்தும் சரக்குந்தும் ஓட்டுகிறவருக்குப் பாதியாக, 40 என்று பிரித்திருக்கிறார்கள். நம்முடைய 30, அவர்கள் எண்ணைவிடக் கடுமையானது. உண்மைதான். ஆனால் சுமை கூடினால் பொறுப்பும் கூடவேண்டும் என்ற எண்ணம் அவர்கள் சட்டத்திலே இருக்கிறது, நம் சட்டத்திலே இல்லை.

அவர்களும் அதை இரத்தம் சிந்தித்தான் கற்றார்கள். 1987 சனவரியிலே மேரிலாந்து மாநிலத்திலே ஒரு தொடர்வண்டி விபத்து. 16 பேர் மாண்டனர். எச்சரிக்கை விளக்கைத் தாண்டி வந்த எஞ்சின் ஓட்டுநர் கஞ்சா புகைத்திருந்தார். 1991 ஆகஸ்டிலே நியூயார்க் நகரின் சுரங்க ரயில், குடித்திருந்த ஓட்டுநரின் கையிலே தடம்புரண்டு ஐவரைக் கொன்றது. அதே ஆண்டு அக்டோபரிலே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் சிறப்பு தண்டனையிலே இல்லை. சோதிக்கவேண்டிய கடமையை நிறுவனத்தின் தலையிலே வைத்ததிலே இருக்கிறது. வேலைக்குச் சேர்க்குமுன் போதைப்பொருட் சோதனை, முன்னறிவிப்பின்றி இடையிடையே சோதனை, விபத்துக்குப் பின் சோதனை, எல்லாவற்றுக்கும் ஏடு, ஏடு இல்லையானால் நிறுவனத்துக்குத் தண்டம். அகப்பட்டவரைச் சக்கரத்திலிருந்து உடனே இறக்குகிறார்கள். பிறகு வல்லுநர் ஒருவரிடம் அனுப்புகிறார்கள். அவர் சொல்லும் சிகிச்சையை முடித்து, மறு சோதனையிலே தேறினால் பணிக்குத் திரும்பும் வழி திறக்கிறது. ஆனால் மீண்டும் எடுத்துக்கொள்ளவேண்டும் என்று முதலாளியை அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அங்கே அது குறை. நாம் சட்டம் செய்தால் அந்தக் குறையையும் சேர்த்துப் படி எடுக்கவேண்டிய அவசியமில்லை.

கஞ்சாவைச் சொன்னேன். உசிலம்பட்டி, கம்பம் பக்கத்து வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஊதுகுழலுக்குக் கஞ்சா தெரியாது. தூக்க மாத்திரையும் தெரியாது. சிறுநீரிலே சோதித்தால், புகைத்துப் பல நாள் ஆன பின்னும் சுவடு காட்டும். அப்படியானால், சுவடு இருப்பதாலேயே அவர் இப்போது மயக்கத்திலே இருக்கிறார் என்று சொல்லவும் முடியாது. விமானப் போக்குவரத்து இயக்ககம் 2022 முதல் விமானிகளுக்குப் போதைப்பொருட் சோதனையைக் கொண்டுவந்துவிட்டது. சாலைப் போக்குவரத்திலே அப்படியொரு ஒழுங்கு பிறக்கவே இல்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு, ஓட்டுநர் ஏன் குடிக்கிறார் என்று கேட்காமல் போனால் நான் தொழிலாளர் பக்கம் நிற்பவன் ஆகமாட்டேன். ‘ஹால்ட் வண்டி’ என்று நம் கிராமங்களிலே சொல்வார்கள். எழுமலைப் பக்கமோ, மேலூருக்கு அப்பாலோ, கடைசி வண்டியாக இரவு பத்தரைக்குப் போய்ச் சேரும். விடியற்காலை ஐந்துக்கு முதல் வண்டியாகத் திரும்பும். இடையிலே ஓட்டுநரும் நடத்துநரும் எங்கே உறங்குகிறார்கள்? பல ஊர்களிலே வண்டிக்குள்ளேதான். இருக்கையிலே துண்டை விரித்து, கொசுவோடு போராடி! 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்றது. இரவிலே தங்கவேண்டிய இடங்களிலே ஓய்வறை அமைக்கவேண்டும் என்றது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டத்துக்குள் அந்தச் சட்டம் கரைக்கப்பட்டது. அறுபது ஆண்டுகளிலே அந்த ஓய்வறைகள் எத்தனை ஊரிலே எழுந்தன என்று, ஹால்ட் வண்டி ஓட்டும் எவரையாவது நிறுத்திக் கேளுங்கள். உடல் வலிக்கு ஒன்று, உறக்கத்துக்கு ஒன்று என்று தொடங்குவது அந்தத் துண்டு விரிப்பின்மேல்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பணிமனை வாயிலிலே ஊதச்சொல்கிறோம், சரி. ஹால்ட் வண்டி புறப்படுவது பணிமனையிலிருந்தா? ஆலமரத்தடியிலிருந்து! அங்கே மேற்பார்வையாளர் இல்லை, கருவி இல்லை. இருப்பவர் நடத்துநர் ஒருவர்; அவரோ இராப்பொழுதிலே ஒரே பொட்டலத்தைப் பிரித்துத் தின்ற கூட்டாளி. ஆக, நாளின் மிக ஆபத்தான மணித்துளியிலே, மிகக் குறைந்த காவலோடு புறப்படுகிறது அந்த வண்டி. ஊதினால்தான் எஞ்சின் கிளம்பும் என்று பூட்டு வைக்கும் கருவி உலகத்திலே எப்போதோ வந்துவிட்டது. முதலில் அதைப் பொருத்தவேண்டியது ஹால்ட் வண்டிகளுக்குத்தான்.

இனி, தலைப்புக்கு வருகிறேன். 1937இல் சேலம் மாவட்டத்திலே மதுவிலக்கு தொடங்கிற்று, 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவிற்று, 1971இல் தளர்ந்தது, 1974இல் மீண்டும் இறுகிற்று, 1981இல் மறுபடி தளர்ந்தது, 1983இல் டாஸ்மாக் பிறந்தது, 2003இல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கே வந்தது. எந்த ஆண்டிலே எந்தக் கட்சி ஆண்டது என்று பட்டியலிட்டு, கைதட்டலும் கண்டனமும் வாங்குவது எனக்கு எளிது. இன்று அது என் வேலையன்று. நான் காண்பது இவ்வளவுதான்: பேருந்தும் அரசினுடையது, புட்டியும் அரசினுடையது. இரவு பத்து மணி வரை ஒரு கை ஊற்றுகிறது. விடியற்காலை நான்கு மணிக்கு மறு கை ஊதச்சொல்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்ற எச்சரிக்கையை 2019 முதல் புட்டியின் மேலேயே அச்சிடவேண்டியதாயிற்று. அதைப் படித்துக்கொண்டே திறக்கிறார் நம் அண்ணன்!

நெடுஞ்சாலைக் கடைகளின் கதையும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கிலேதான், 2016 திசம்பர் 15 அன்று, நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017 ஏப்ரலிலே தமிழ்நாட்டிலே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடின. அதற்குமுன் நாளிலேயே, சிற்றூர்களுக்கு 220 மீட்டர் போதும் என்று தளர்த்தினார்கள். சூலையிலே, நகராட்சி எல்லைக்குள் இந்தக் கட்டுப்பாடே இல்லை என்று விளக்கினார்கள். கடை சாலையிலிருந்து எத்தனை மீட்டர் என்று அளந்தவர்கள், கடையிலிருந்து பணிமனை எத்தனை மீட்டர் என்று அளக்கவில்லை. பேருந்து நிலையம், பணிமனை, சரக்குந்து நிறுத்தம், ஹால்ட் வண்டி நிற்கும் ஆலமரத்தடி இவற்றைச் சுற்றியுள்ள கடைகளை எடுக்க உச்சநீதிமன்றம் வரை போகவேண்டியதில்லை. அரசின் கடைதானே? அரசே பூட்டலாம், சாவி அதன் இடுப்பிலே இருக்கிறது.

போக்குவரத்துத் துறை மானியக் கோரிக்கை பேரவைக்கு வரும் நாளிலே நம் உறுப்பினர்கள் எழுந்து நின்று கேட்கவேண்டும். ஐந்து வண்டிக்கு மேல் வைத்திருக்கும் எவரும், அரசுக் கழகமாயினும் தனியாராயினும், ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் சோதனைச் சீட்டு வைத்திருக்கவேண்டும் என்றும், சீட்டு இல்லாத வண்டிக்கு அனுமதிச் சீட்டும் இல்லை என்றும் விதி செய்வீர்களா? பயணிகளைச் சுமப்பவருக்குச் சுழியம் என்று திருத்த ஒன்றிய அரசுக்கு எழுதுவீர்களா? முதல் முறை அகப்பட்டவருக்குக் கூலியோடு விடுப்பும், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலே சிகிச்சையும் கொடுத்து, தேறியபின் அதே பணியைத் திருப்பிக் கொடுப்பீர்களா? ஹால்ட் ஊர் ஒவ்வொன்றிலும் நான்கு சுவரும் ஒரு மின்விசிறியும் கட்ட எத்தனை இலட்சம் ஒதுக்கியிருக்கிறீர்கள்?

மேசையின் எதிரே நம் அண்ணன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். கால் மணி நேரம் கழிந்தது, மறுமுறை ஊதினார், மறுபடியும் கூவிற்று. வேறோர் ஓட்டுநர் சாவியை எடுத்துக்கொண்டு வண்டியை நோக்கிப் போகிறார். பூக்கூடை அம்மையாருக்கு இதொன்றும் தெரியாது. வண்டி இருபது நிமிடம் பிந்திவிட்டது என்று நடத்துநரைக் கடிந்துகொள்கிறார். அண்ணன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, தமக்குரிய கோட்டிலே கையொப்பம் இடுகிறார். சீட்டிலே நிறுவனம் கையொப்பமிடுவதற்கு இடம் எங்கே என்று புரட்டிப் பார்க்கிறார்.